உஷார்! மணிமுத்தாற்று மணலுக்கு மச்சம் எடுத்து வையுங்கள்

ஐப்பசியில் வானம் பிடித்துக்கொண்டால் மணிமுத்தாறு ஒரே இரவில் கரை தொட்டு ஓடும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் செந்நீர் ஆற்றுக்குள் இருக்கும் குழிகளையெல்லாம் நிரப்பி மூடிவிட்டுப் போகும். குழியோடு சேர்ந்து சாட்சியும் மூடிப்போகும். தை மாதத்தில் எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும், எத்தனை துல்லியமான கருவியைக் கொண்டு அளந்தாலும், இவ்வளவு மணல் போயிருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிறுவுவதற்குப் பழைய அளவு ஒன்று வேண்டும். நம்மில் எத்தனை ஊரில் அந்தப் பழைய அளவை எழுதி வைத்திருக்கிறோம்? மழைக்கு முன்னால் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்மாபுரம் ஒன்றியத்தில் ஏரியை நம்பி நாற்று விடுகிறவர்களும், டிராக்டர் வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்களும், விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

இந்த வட்டாரத்தில் மணல் போனால் அடி இரண்டு மடங்காக விழும். ஒரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அங்கே நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மறுபக்கம் மணிமுத்தாறும் வெள்ளாறும். கீழே போகிற தண்ணீரை ஓரளவாவது ஈடுகட்ட நமக்கு இருப்பது இந்த ஆறுகளின் மணல் படுகைதான். வெள்ளம் வடிந்த பிறகும் மாதக்கணக்கில் மணலுக்குள் நீர் நின்று பக்கத்துக் கிணறுகளுக்கு ஊறும். மணலை வழித்தெடுத்துவிட்டால் வருகிற வெள்ளம் நிற்காமல் பரங்கிப்பேட்டைக் கடலுக்கு ஓடிவிடும். ஆற்றின் தரை இறங்கினால் வாய்க்காலின் தலைமதகு தண்ணீருக்கு மேலே நின்றுவிடும். ஆற்றில் நீர் ஓடினாலும் வயலுக்கு ஏறாது. கடலோரத்தில் உப்பு நீர் உள்ளே ஏறுவதற்கும் அதுவே வழி திறந்துவிடும். மணல் திருட்டு என்றவுடன் நாம் லாரியைத்தான் நினைக்கிறோம். மதகையும் கிணற்றையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி, வானத்திலிருந்து பார்க்கும் கண்களைப் பற்றி.

2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை தமிழ்நாட்டின் மணல் குவாரிகளிலும் ஒப்பந்ததாரர்களின் இடங்களிலும் சோதனை போட்டது பலருக்கு நினைவிருக்கும். அதற்கடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். கான்பூர் ஐ.ஐ.டி. நிபுணர்களை வரவழைத்து 28 இடங்களை அளக்க வைத்தார்கள். ட்ரோன் பறந்தது. லேசர் கதிரை அனுப்பித் தரையின் மேடு பள்ளத்தை வரைந்து காட்டும் லைடார் கருவி வந்தது. தண்ணீர் தேங்கிய பள்ளங்களின் ஆழத்தையும் தனியாக அளந்தார்கள். பழைய செயற்கைக்கோள் படங்களோடு எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். அமலாக்கத் துறை நீதிமன்றத்தில் வைத்த கணக்கு இது: எடுக்க அனுமதித்த பரப்பு சுமார் 195 ஹெக்டேர், தோண்டியிருந்த பரப்பு 987 ஹெக்டேர். அனுமதித்த மணல் சுமார் 4.05 லட்சம் யூனிட், எடுத்திருந்தது 27.70 லட்சம் யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய் என்றார்கள். அரசுக் கணக்கில் ஏறியிருந்த வருவாய் 36.45 கோடி. ஏறத்தாழ 130 மடங்கு வித்தியாசம்.

இதை அந்தக் காலத்தில் யாராலும் இப்படி அளந்திருக்க முடியாது. வி.ஏ.ஓ. நாடா பிடித்து அளந்தால் நான்கு பேர் சுற்றி நின்று மிரட்டுவார்கள். ட்ரோனை அப்படிச் சுற்றி நின்று மிரட்ட முடியாது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் போகின்றன. அவை எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டர். டிராக்டர் தெரியாது, ஆனால் ஆற்றுக்குள் அரை ஏக்கர் பள்ளம் விழுந்தால் தெரியும். அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம். மத்திய சுரங்க அமைச்சகம் 2016 அக்டோபரில் தொடங்கிய சுரங்கக் கண்காணிப்பு முறை, குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டர் வரைக்கும் செயற்கைக்கோள் படத்தில் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கிறது. ஆற்று மணலுக்கென்றே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட கண்காணிப்பு நெறிமுறை ட்ரோனையும் இரவுக் கண்காணிப்பையும் சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆற்றில் எவ்வளவு மணல் வந்து சேர்கிறது என்று கணக்கெடுக்கவும் சொல்கிறது.

இவ்வளவு இருந்தும் அந்த 28 இடங்களின் வழக்கு என்ன ஆனது என்று பாருங்கள். உஷார் என்று நான் கத்துவது இந்த இடத்துக்காகத்தான். அமலாக்கத் துறை மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை அனுப்பியது. தமிழ்நாடு அரசு அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2024 பிப்ரவரியில் வேலூர், திருச்சி, கரூர், தஞ்சாவூர், அரியலூர் ஆட்சியர்கள் நேரில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவாயிற்று. அரியலூர் எங்கோ இருக்கிற ஊர் இல்லை, வெள்ளாற்றுக்கு அக்கரை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்பந்ததாரர்கள் மீதான நடவடிக்கைகளை ரத்து செய்தது. மணல் அள்ளும் குற்றம் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இல்லாததால் அந்தச் சட்டத்தின்கீழ் அமலாக்கத் துறைக்கு இதில் அதிகாரமில்லை என்பது காரணம்.

அட்டவணையில் இல்லாததை நீதிமன்றம் சேர்க்க முடியாது, அது சரிதான். என் வேதனை வேறு. அளந்தவர்கள் ஒரு துறை. வழக்குப் போட அதிகாரம் உள்ளவர்கள் வேறு துறை. கனிமங்களுக்கான 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின்கீழ் வழக்கை எடுக்கும். ஆற்று மணலை அனுமதியில்லாமல் எடுப்பது அரசுச் சொத்தைத் திருடுவதும்தான், அதற்குத் தனியாகப் போலீசார் வழக்குப் பதியலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, வழி இருக்கிறது. வருவாய்த் துறை, கனிமவளத் துறை, நீர்வளத் துறை, போலீஸ் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பேசாவிட்டால் எத்தனை செயற்கைக்கோள் இருந்தும் புண்ணியமில்லை.

நம் ஊரில் எல்லை என்பது ஆற்றின் நடுவில் ஓடுகிறது. வெள்ளாற்றின் இந்தக் கரை கடலூர் மாவட்டம், அந்தக் கரை அரியலூர் மாவட்டம். இரண்டு ஆட்சியர், இரண்டு எஸ்.பி., இரண்டு கனிமவள அலுவலகம். அங்கே விரட்டினால் வண்டி இங்கே வரும். இங்கே சோதனை என்றால் அக்கரையில் இறங்கும். மாவட்ட எல்லையிலேயே இப்படி என்றால் கடல் தாண்டிப் போவதை என்ன சொல்ல?

கடல் தாண்டித்தான் போயிருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரையில் கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்த தாது மணலை அள்ளி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 2013 ஆகஸ்டில் அன்றைய தூத்துக்குடி ஆட்சியர் ஆஷிஷ்குமார் வைப்பாறு பகுதியில் சோதனை நடத்தினார், உடனே மாற்றப்பட்டார். அடுத்த மாதம் அரசு தாது மணல் எடுப்பதற்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு குழு, அறிக்கை, வழக்கு என்று ஆண்டுகள் ஓடின. 2025 பிப்ரவரியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது, நிறுவனங்களிடமிருந்து 5,832 கோடி ரூபாய் வசூலிக்கும் நடவடிக்கைக்கும் வழி விட்டது. தோண்டிய கரையில் பதினொன்றரை ஆண்டுகளாக எத்தனை அலை அடித்திருக்கும்! இப்போது யார் போய் எந்தக் குழியை அளப்பது?

கம்போடியாவில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை நடந்தது. அங்கே ஆற்று முகத்துவாரங்களிலிருந்து சிங்கப்பூருக்கு மணல் போனது. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் குழிக்குப் போகவே இல்லை. ஐக்கிய நாடுகள் அவையின் வணிகப் புள்ளிவிவரத்தைத் திறந்தார்கள். 2007 முதல் கம்போடியாவிலிருந்து 7 கோடி டன்னுக்கு மேல் மணல் வாங்கியதாக சிங்கப்பூர் பதிந்திருந்தது. விற்றதாகக் கம்போடியா பதிந்தது 30 லட்சம் டன்கூட இல்லை. வாங்கியவன் நோட்டும் விற்றவன் நோட்டும் பொருந்தவில்லை. அதைப் பகிரங்கப்படுத்தினார்கள், 2017இல் கம்போடியா மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ஜெனீவா மையம் 2023 செப்டம்பரில் கடல் மணல் கண்காணிப்புத் தளம் ஒன்றைத் திறந்தது. கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல அனுப்பும் சமிக்ஞையை வைத்து, மணல் உறிஞ்சும் கப்பல் எங்கே நின்று எவ்வளவு நேரம் வேலை செய்தது என்று அது கணிக்கிறது. ஆண்டுக்கு 400 கோடி முதல் 800 கோடி டன் வரை கடலடி மணல் எடுக்கப்படுகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. திருடன் சமிக்ஞையை அணைத்துவிட்டால் தெரியாதே என்று கேட்கலாம். எங்கே அணைத்தான், எங்கே மறுபடி போட்டான் என்பதே ஒரு தடயம்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்த எல்லை தாண்டிய தேடல் புதிதில்லை. பழமலைநாதர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கல் சிற்பம் களவு போய், 2004இல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு விற்கப்பட்டது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு புகைப்படம் இருந்தது. கோயிலில் சிலை நின்ற கோலம் அதில் பதிந்திருந்தது. சிட்னிச் சிலையும் அந்தப் படமும் ஒன்றேதான் என்று நிறுவ முடிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து, ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்து அர்த்தநாரீஸ்வரரையும் திருப்பிக் கொடுத்தார். புதுச்சேரியில் அந்தப் படம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், எத்தனை நாட்டுப் போலீஸ் ஒத்துழைத்தாலும் எதைக் காட்டி எங்கள் சாமி என்று கேட்டிருப்போம்?

இதே ஊரில் இன்னொரு பழங்கதை உண்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திருமுதுகுன்றத்தில் சுந்தரருக்கு இறைவன் பன்னீராயிரம் பொன் கொடுத்தான். வழியில் கள்வர் பயம். மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றான். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறாயா என்று இன்றைக்கும் நம் ஊரில் கேட்கிற கேள்வி அதிலிருந்து வந்தது. பலர் மறந்துவிடுகிற செய்தி ஒன்று அந்தக் கதையில் இருக்கிறது. பொன்னை ஆற்றில் விடுமுன் சுந்தரர் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். தெய்வமே கொடுத்த பொன்னுக்கு அவர் மாதிரி எடுத்து வைத்தார். நாம் லாரி லாரியாகப் போகிற மணலுக்கு எடுத்து வைத்திருக்கிறோமா?

மணலுக்கு மச்சம் எடுக்க முடியுமா என்றால், முடியும். ஒவ்வோர் ஆற்று மணலிலும் அது கரைத்துவந்த மலைப் பாறையின் கனிமக் கலவை இருக்கும். ஆய்வகத்தில் மணியின் வடிவத்தையும் கலவையையும் பார்த்து அது எந்தப் படுகையைச் சேர்ந்தது என்று நெருக்கமாகச் சொல்லலாம். மண்ணைச் சோதிப்பது நம் வட்டாரத்துக்குப் பழகிய வேலைதான். பீங்கான் தொழில்நுட்பம் படிக்கவே விருத்தாசலத்தில் கல்வி நிறுவனம் இருக்கிறது. களிமண்ணில் மணல் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, சூட்டில் எவ்வளவு சுருங்கும் என்று பார்த்துத்தானே பொம்மையிலிருந்து ஃப்யூஸ் கேரியர் வரைக்கும் சுடுகிறார்கள். சவுடு என்ற பெயரில் அனுமதி வாங்கி ஆற்று மணலை அள்ளுகிறார்கள் என்ற வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் இதைத்தான் சொன்னது. சவுடு, கிராவல் என்று வழக்குப் பெயர் போட்டு அனுமதி தரக் கூடாது. அந்த மண்ணில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று ஆய்வகச் சோதனை அறிக்கை வேண்டும் என்றது. உங்கள் ஊர் ஏரியில் அனுமதி கொடுத்திருந்தால் அந்த அறிக்கையைக் கேளுங்கள்.

ஏரி என்றதும், ஏரி வண்டலை வயலுக்கு அள்ளிக்கொள்ள அனுமதிக்கும் வண்டல் மண் திட்டத்துக்கு வருகிறேன். நல்ல திட்டம். ஏரியும் தூர்ந்து போகாது, வயலுக்கும் எரு மாதிரி. 2024 ஜூலையிலிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. இலவசம். ஆனால் அளவு உண்டு: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலாளிக்கு 60 கன மீட்டர். கன மீட்டர் என்றால் கண்ணுக்குத் தெரியாது, நடையாகக் கணக்குப் போடுங்கள். டிராக்டர் டிரெய்லர் ஏறத்தாழ ஒரு யூனிட் பிடிக்கும், அது 2.83 கன மீட்டர். ஓர் ஏக்கர் நஞ்சைக்கு 26 நடை, புஞ்சைக்கு 32 நடை, குயவருக்கு 21 நடை. மூன்று யூனிட் டிப்பர் என்றால் ஓர் ஏக்கர் நஞ்சைக்கு ஒன்பது நடைகூட முழுசாக வராது. உங்கள் பெயரில் இரண்டு ஏக்கருக்கு அனுமதி வாங்கி நாற்பது டிப்பர் போனால் அந்த மண் உங்கள் வயலுக்குப் போகவில்லை. அனுமதி உங்கள் பெயரில் இருக்கிறது. பிடிபட்டால் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. சிட்டாவையும் அடங்கலையும் யாராவது கையெழுத்துக்கு மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள். உறவுக்காரராகவே இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

டிராக்டர்காரத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நடைக்கு இவ்வளவு என்று காசு பேசுகிறவன் ஆற்றங்கரையில் நிற்க மாட்டான். நிற்பது நீங்களும் உங்கள் வண்டியும். கனிமச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதம், வண்டி பறிமுதல். வண்டி ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும்போதும் வங்கித் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். நடைச்சீட்டு என்று காட்டுகிற தாளில் வண்டி எண், தேதி, நேரம், எடுத்த இடம், இறக்கும் இடம் எல்லாம் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரே சீட்டில் நாள் முழுக்க ஓட்டச் சொன்னால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது இது. ஆறு, ஏரி, வாய்க்கால் தலைப்பு மூன்றையும் பகல் வெளிச்சத்தில், ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில், ஊர்ப் பொது வேலையாகப் படம் எடுங்கள். தேதியும் நேரமும் அட்சரேகை தீர்க்கரேகையும் படத்திலேயே பதியும் கேமரா செயலிகள் போனில் கிடைக்கின்றன. ஒரே இடத்தில் நின்று, மதகு, பாலத் தூண், கோயில் கோபுரம் என்று அசையாத ஏதாவது ஒன்று படத்தில் வரும்படி எடுங்கள். அப்போதுதான் அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று எடுத்து ஒப்பிட முடியும். பாலத் தூணின் அடியில் எத்தனை அடி கான்கிரீட் வெளியே தெரிகிறது என்பது மட்டுமே ஒரு பெரிய அளவுகோல்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். எங்கே, எப்போது எடுத்தது என்று கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரமும் உதிர்ந்துபோகும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். மூலப் படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்; பென் டிரைவில் ஒரு படி வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது, கோப்பு மாறவில்லை என்பதற்கான ஹாஷ் எண் என்ன என்று அதில் வரும். எடுத்தவர் யார், எந்தப் போன் என்று தெரியாமல் சுற்றிவரும் ஃபார்வர்டு படத்துக்கு இந்தச் சான்றிதழை யாராலும் கொடுக்க முடியாது. ஊரையே கொதிக்க வைத்த வீடியோ கோர்ட்டில் நிற்காமல் போவது இப்படித்தான்.

செயற்கைக்கோள் படத்தையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் ஊரில் இருந்தால் போதும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவத்தில் மேகம் மூடிக்கொண்டால் சாதாரணப் படத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே புரட்டாசிக்குள் எடுத்ததே தெளிவாக இருக்கும். ஆற்றின் ஒரே வளைவை ஆண்டுவாரியாக எடுத்து, தேதியோடு அச்சிட்டு, உங்கள் போன் படங்களோடு சேர்த்து வையுங்கள்.

இப்போது மிக முக்கியமான உஷார். இரவில் வண்டிச் சத்தம் கேட்டு ஆற்றுக்குத் தனியாகப் போகாதீர்கள். லாரியை மறிக்காதீர்கள். முகத்துக்கு நேரே போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 25ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்தது அவர் செய்த குற்றம். கொன்ற இருவருக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் திரும்பி வரவில்லை. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, சட்டவிரோதக் கல்குவாரிகளுக்கு எதிராக மனு கொடுத்துக்கொண்டிருந்த ஜகபர் அலி லாரி மோதி இறந்தார். விபத்து என்று தொடங்கியது கொலை வழக்காயிற்று. வி.ஏ.ஓ.வாக இருந்த அரசு அலுவலருக்கே அந்தக் கதி என்றால் ஊர்க்காரர் எம்மாத்திரம்? வீரம் காட்டுகிற வேலை இது இல்லை.

ஆகவே புகாரில் ஒரே ஒருவர் பெயர் இருக்கக் கூடாது. ஆயக்கட்டு விவசாயிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுங்கள். பெண்கள் சுயஉதவிக் குழு இருந்தால் அவர்களும் போடட்டும். அக்டோபர் 2 கிராமசபை மழைக்கு முன்னால் வருகிறது. ஆற்றின் இன்றைய நிலையைப் படங்களோடு பதிவு செய்து தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது தனி ஆளின் குற்றச்சாட்டாக இருக்காது, ஊரின் பதிவாகிவிடும். பிற்பாடு எந்த நிபுணர் வந்து அளந்தாலும் ஒப்பிட ஓர் அளவு இருக்கும்.

மனுவை ஓர் அலுவலகத்தோடு நிறுத்தாதீர்கள். விருத்தாசலம் சார் ஆட்சியர், கடலூர் ஆட்சியர், கனிமவளத் துறை, நீர்வளத் துறை, எஸ்.பி. ஐவருக்கும் ஒரே நாளில் ஒரே மனு போகட்டும். யாருக்கெல்லாம் படி போயிருக்கிறது என்று மனுவின் அடியிலேயே எழுதுங்கள். இடம் வெள்ளாற்றில் என்றால் அரியலூர் ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் சேர்த்து அனுப்புங்கள். சர்வே எண்ணையும் அட்சரேகை தீர்க்கரேகையையும் எழுதிவிட்டால் எங்கள் எல்லை இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். அந்தத் தேதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு 14ஆவது பிரிவில் போக வேண்டுமானால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் கிடைக்கலாம். இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் 15ஆவது பிரிவுக்கு ஐந்து ஆண்டு. முதலில் எப்போது பார்த்தோம், யாருக்கு எப்போது எழுதினோம் என்பதை ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி, ஒப்புகைச் சீட்டுகளை அதிலேயே ஒட்டி, ஊரில் மூன்று வீடுகளில் ஆளுக்கொரு நகலாகக் கொடுத்து வையுங்கள்.